பறுவத்துக்குப் பறுவம் இருமிய கார்

மகனே, நீ அனுப்பிய தரகர் வந்துவிட்டுப் போய்விட்டார். கார் போகவில்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ வங்கியில் இருந்துகொண்டு "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்பாய். அதில் எது எனக்குச் சொன்னது, எது எதிரில் நிற்கும் வாடிக்கையாளருக்குச் சொன்னது என்று எனக்கு விளங்காது. கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது. இந்த வயதில் ஒரு மனிதன் மறிப்பில்லாமல் பேசக்கூடிய இடம் கடிதம் ஒன்றுதான்; உன் அம்மா அதையும் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள். இதை நீ ஒளித்து வைக்கவும் வேண்டாம். ஊரார் வாசித்தால் வாசிக்கட்டும். காருக்கு வைத்தியம் பார்த்த பாவத்தில் அவர்களுக்கும் பங்குண்டு.

அந்தக் காரை நீ "தகரப் பேணி" என்று சொல்லுகிறாய். நீ உயர்தரம் படித்த காலத்தில் நான் அதை வாங்கி வந்தபோது, அதே பேணியின் முன்னால் சாய்ந்து நின்று படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியவன் நீ. இப்போது உன்னிடம் சத்தமே இல்லாமல் ஓடும் புதுக் கார் இருக்கிறது. அது ஓடுகிறதா, நிற்கிறதா என்று உள்ளே இருப்பவருக்கே தெரியாது. உன் பேச்சும் அப்படித்தான் ஆகிவிட்டது. பேணியிடம் அழகு இல்லை, பலம் இல்லை. யாழ்ப்பாணத்து பஸ் முந்திச் செல்லும்போது அந்தக் காற்றிலேயே தெருவோரம் ஒதுங்கும். கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் மேடே இல்லாத தெருவில் மேடு கண்டதுபோல மூச்சு வாங்கும். ஆனால் ஒரு குணம் உண்டு. அது பெற்றோல் குடிப்பதில்லை. மணந்து பார்க்கும், அவ்வளவுதான். ஒரு சின்னக் கலன் பெற்றோலில் எங்கள் முற்றத்திலிருந்து உன் வவுனியா வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இந்த ஒரு வசனத்தை நினைவில் வைத்துக்கொள். நான் அதை நினைவில் வைக்காததால்தான் ஒரு வருடம் மடையனாகத் திரிந்தேன்.

நோய் எப்படித் தொடங்கியது என்றால், ஒருநாள் காலையில் ஸ்ரார்ட் செய்தபோது கார் குளிர் காய்ச்சல்காரன்போல நடுங்கியது. தெருவில் ஏறி எக்சிலேற்றரை மிதித்தால் எஞ்சினுக்குள் யாரோ சில்லறைக் காசைக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். இழுவை இல்லை. முன்பலகையில் மஞ்சள் விளக்கு. பின்னால் புகை. சில நாள் இப்படி இருமிவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல நல்ல பிள்ளையாக ஓடும். அடுத்த மாதம் மறுபடியும் காய்ச்சல்.

கார் இருமியது என்று கேள்விப்பட்டதும் முதலில் வந்தவர் பக்கத்து வளவு ஓவசியர். தெருப் போடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெரு போட்ட மனிதருக்கு அதில் ஓடும் வாகனமெல்லாம் தன் பிள்ளைகள் என்று நினைப்பு. கையில் ஒரு தடி வைத்திருப்பார், நாய்க்காக. அந்தத் தடியால் பொனற்றைத் தட்டினார்.

"எஞ்சின் போட்டுது" என்றார்.

"பொனற்றைத் திறக்கவே இல்லையே ஓவசியர்."

"திறந்து பாக்கிறவன் தெரியாதவன். சத்தத்திலயே தெரியுது. மூண்டு சிலிண்டரில ஒண்டு செத்துப்போச்சு. மற்ற ரெண்டும் செத்தவீட்டுக்கு வந்த சனம்மாதிரி சும்மா நிக்குது."

இந்த உவமையை அவர் எங்கேயோ தயாரித்து வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அடுத்த கிழமை கார் சுகமாக ஓடியபோது, "செத்த சிலிண்டர் உயிர்த்திட்டுதோ?" என்று கேட்டேன். அவருக்கு வெட்கம் வரவில்லை. வெட்கம் வருகிற ஆட்கள் வைத்தியம் சொல்லத் தொடங்குவதில்லை.

பிறகு பரந்தனில் கராஜ் வைத்திருக்கும் சிவத்திடம் போனேன். சிவத்தை உனக்குத் தெரியும். உன் சைக்கிளுக்குப் பிரேக் பூட்டித் தந்து, நீ வேலியோடு நின்றதற்குக் காரணமானவன். அவனுடைய முறை எளிது. எதைக் கழற்ற இலகுவோ, அதில்தான் பழுது. "அண்ணை, பிளக் மாத்துவம்" என்றான். மாற்றினான். கார் சுகம். "நான் சொன்னனானெல்லே!" என்று நெஞ்சை நிமிர்த்தினான். மாதம் திரும்பியது, இருமல் திரும்பியது. "அப்ப கொயில்தான்" என்றான். கொயில் மாற்றினான். கார் சுகம். மறுபடியும் நெஞ்சு நிமிர்ந்தது. இப்படியே பெற்றோல் வடிகட்டி மாற்றினான், வயர் மாற்றினான். ஒவ்வொரு முறையும் சுகம்; ஒவ்வொரு முறையும் ஒரு வெற்றி விழா. கடைசியில் மாற்ற ஒன்றும் இல்லாதபோது, கையைத் துடைத்துக்கொண்டு, "முறிகண்டியில நிப்பாட்டி ஒரு தேங்காய் அடிச்சுப் பாருங்கோவன்" என்றான். ஏ-ஒன்பது தெருவில் ஓடும் எல்லா வாகனமும் நின்று கும்பிடும் பிள்ளையாரைக் கடைசியில் தன் கராஜில் உதவியாளாகச் சேர்த்துக்கொண்டான்.

கிளிநொச்சி நகரத்தில் கணினி வைத்துப் பார்க்கும் ஒருவரிடமும் போனேன். குளிரூட்டிய அறை, கழுத்தில் கறுத்தக் கண்ணாடி. காரின் காலடியில் ஒரு வயரைச் செருகி, திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடியும் திரையைப் பார்த்தார். அன்றைக்குக் காருக்கு நல்ல நாள்.

"ஐயா, காரில ஒரு பிழையும் இல்லை."

"அப்ப எதில பிழை?"

"ஓடுறவர் எப்பிடி ஓடுறார் எண்டதிலயும் இருக்குத்தானே, ஐயா" என்றார், மிகுந்த மரியாதையோடு. உன் அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததை இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்று போகப்போகத் தெரியும்.

இதற்கிடையில் ஓவசியர் தன் வாழ்நாள் கண்டுபிடிப்பைச் செய்தார். கார் இருமத் தொடங்குவது எப்போதும் பறுவத்தை, பூரணை நிலவை ஒட்டித்தான் என்றார். நான் சிரித்தேன். பிறகு குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரைக் களவாகப் பார்த்தேன். மனிதர் சொன்னது சரி! பறுவப் போயா விடுமுறைக்கு அடுத்த நாள் காலை நடுக்கம். தேய்பிறை நடக்க நடக்கக் காய்ச்சல் இறங்கும். "பறுவத்தில கடலே பொங்குது, தாங்கிக்குள்ள இருக்கிற பெற்றோல் பொங்காதோ?" என்று ஓவசியர் கேட்டார். நான், பத்திரிகையில் சிரிப்புக்கதை எழுதி நாலு பேரைப் பகிடி பண்ணும் நான், ஒரு கணம் யோசித்தேன். உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு கணத்துக்கு மேலேயே யோசித்தேன். கதை சந்தைக்குப் போய்விட்டது. மீன் வாங்கப் போனால், "மாஸ்ரர், இண்டைக்குப் பறுவம், நடந்தே வந்தனீங்கள்?" என்று கேட்டார்கள். நான் மாஸ்ரரும் இல்லை. வயலும் வாயும் மட்டும் உள்ளவன்.

ஊரை இவ்வளவு ஏளனம் செய்தபின் உன்னை விட்டுவிட்டால் நீதியாகாது. நீ என்ன செய்தாய்? வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினாய். தாடி வைத்த ஒருவன் வேறு நாட்டில், வேறு காரில், வேறு பழுதைத் திருத்தும் வீடியோ. நான் பார்த்தேனா என்று கேட்டாய்; நான் விளங்கவில்லை என்றதும், குழந்தைக்குச் சொல்லுவதுபோல மெதுவாகச் சொன்னாய். பிறகு பொறுமை போய், "அப்பா, அதுக்கு வயசு போட்டுது. வித்துத் தள்ளுங்கோ" என்றாய். வயதுபோனதை என்ன செய்வது என்பதில் உனக்கு இருக்கும் தெளிவைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அதோடு விட்டாயா? மருமகளுக்கு இது பிள்ளை பெறும் மாதம் என்பதால் நாங்கள் அங்கே ஓடிவருவோம் என்று நினைத்து, அம்மாவிடம் போனில் சொன்னாய்: "நீங்கள் உந்தக் காரில வெளிக்கிட வேண்டாம். அவவின்ர அம்மா, ஓமந்தை மாமி, இஞ்சை நிப்பா. பிள்ளை பிறந்தாப்பிறகு நானே வந்து உங்களை ஏத்திக்கொண்டு போறன்." நல்ல மனதோடுதான் சொன்னாய். அம்மாவும் "சரி ராசா" என்றாள். போனை வைத்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"காரை வித்தால் புல்லுவெட்டி நிக்குமோ?"

"காரை வாங்கிறவன் புல்லுவெட்டியை என்னத்துக்குக் கொண்டுபோறான்?" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எஞ்சினில் புதுச் சத்தம் கேட்டால் காது கொடுக்கும் நான், மனுசி இப்படி ஒரு கேள்வி கேட்டதற்குக் காது கொடுக்கவில்லை. காரை நீ சொன்னபடி விற்பதென்று நானும் தலையாட்டினேன். அதுவும் உனக்குத் தெரியும்.

தரகர் வந்தது போயாவுக்கு அடுத்த நாள் காலை. பச்சைக் கண்ணாடி, மணக்க மணக்கச் சென்ற், விரலில் கிலுங்கும் திறப்புக் கோவை. காரைச் சுற்றி வந்து, கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்து, ஒவ்வொரு சாத்தலுக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். ஸ்ரார்ட் செய்தார். கார் நடுங்கியது, இருமியது, புகை விட்டது. நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் என்ன நினைத்தாரோ, இறங்கிப் போய்ப் பெற்றோல் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். மூக்கை எடுக்கும்போது முகம் நாடகத்துக்குத் தயாராகிவிட்டது.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. உதென்ன மண்ணெண்ணெய் மணம்?"

"எதில?"

"தாங்கியிலதான். தடைக்காலம் முடிஞ்சு எவ்வளவு காலம்! இந்தக் காலத்திலயும் காரை மண்ணெண்ணெயில ஓட்டுற ஆள் வன்னியில நீங்கள் ஒராள்தான் அண்ணை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அடே தம்பி, என்னைப் பாத்தால் கள்ளப் பெற்றோல்காரன் மாதிரியே கிடக்கு?" என்று தொடங்கி, அவருடைய சென்ற் வரைக்கும் போய்விட்டேன். அப்போது குசினி வாசலில் இருந்து அம்மாவின் குரல்.

"அவரைப் பேசாதேங்கோ தம்பி. அவருக்குப் பெற்றோல் எது, மண்ணெண்ணெய் எது எண்டு தெரியாது. நான்தான் விட்டனான்."

இப்படி ஒரு வக்கீல் எந்த எதிரிக்கும் வாய்க்கக்கூடாது.

கோழிக்கூட்டுக்குப் பின்னால், நிழலில், சாக்கால் மூடி ஒரு நீலக் கலன். பழைய மண்ணெண்ணெய்க் கலன். அதற்குள் எப்போதும் பெற்றோல் இருக்கும். பழசானால் கெட்டுவிடும் என்று மாதம் ஒருமுறை, பறுவத்துக்கு விரதச் சாப்பாடு சாப்பிட்டு நான் குறட்டை விடும் நேரம், பழையதைக் காருக்குள் ஊற்றிவிட்டுப் புதியதை நிரப்பி வைப்பாள். புதியது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாயா? நானேதான் வாங்கி வந்து கொடுத்தேன். "புல்லுவெட்டிக்குப் பெற்றோல் முடிஞ்சுது" என்பாள். நான் போய் வாங்கி வருவேன். எங்கள் முற்றத்தில் எத்தனை புல்லு இருக்கிறது? இருக்கிற நாலு புல்லையும் ஓவசியரின் ஆடு தின்றுவிடும். அந்தப் புல்லுவெட்டி எவ்வளவு காலமாக மூலையில் நிற்கிறது, அதில் குளவி கூடு கட்டியிருக்கிறது. இதையெல்லாம் ஒரு வருடமாகக் கண்ணால் பார்த்த நான்தான் கணினிக்காரரைக் குறை சொன்னேன்.

"அது சரி, மண்ணெண்ணெய் ஏன் கலந்தனி?" என்று கேட்டேன்.

"தனிப் பெற்றோல் எண்டால் வெய்யிலுக்குக் கலனுக்குள்ளயே பறந்துபோம். கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டால் அடங்கி இருக்கும். அந்த நேரம் வாகனமெல்லாம் உதிலதானே ஓடினது? இது என்ன பெரிய மகாராசாவே, ஓடாமல் இருக்க?"

நீ பிறக்கும் முன்னைய கதை அது. யுத்தகாலத்தில் வன்னிக்குப் பெற்றோல் வராது. மாப்பிள்ளைக்குச் சென்ற் தெளிப்பதுபோல எஞ்சினுக்கு நாலு துளி பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் செய்து, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடுவோம். உன் அம்மாவை நான் கலியாணம் முடித்துக் கூட்டி வந்த மோட்டார் சைக்கிள் விட்ட புகையில் எங்கள் பின்னால் வந்தவர்களே தெரியவில்லை. அந்தக் காலத்தில் பழகிய கை, கலனைக் கண்டால் கலக்கும். ஆனால் அன்றைய மோட்டார் சைக்கிள் கல்லைத் தின்றும் ஓடும். இன்றைய சின்னக் காருக்குக் குழந்தை வயிறு. கலன் ஊற்றியதும் இருமும்; நான் கஞ்சன் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப் பெற்றோல் அடிக்க அடிக்கச் சுகமாகும். சிவம் பிளக் மாற்றிச் சுகமாக்கியதும் இப்படித்தான், கொயில் மாற்றிச் சுகமாக்கியதும் இப்படித்தான்.

இதற்குள் தரகரின் முகத்தைப் பார்த்தேன். விலையைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டு, "எஞ்சின் இனிச் சரிவராது அண்ணை, உங்களுக்காக எடுக்கிறன். இப்பவே கொண்டுபோறன்" என்றார். செத்த எஞ்சினை ஓட்டிப் போக ஒரு மனிதனுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? பழுது எதில் என்று எனக்கு விளங்கிய அதே நிமிடத்தில் அவருக்கும் விளங்கிவிட்டது. நான் கார்த் திறப்பைக் கேட்டு வாங்கினேன். அவர் போகும்போது உன்னிடம் முறையிடுவதாகச் சொன்னார். முறையிட்டிருப்பார். அது அவருடைய பக்கக் கதை.

அவர் போனபிறகு அம்மாவிடம் கேட்டேன், கலன் ஏன் என்று. அவள் பழைய கதை ஒன்றை எடுத்தாள். நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த வருடத்தை நீ மறந்திருப்பாய். நீ வேலைக்குச் சேர்ந்த புதுசு. வவுனியாவில் அறை எடுத்து இருந்தாய். டெங்கு என்று உன்னை ஆஸ்பத்திரியில் விட்டிருப்பதாக உன் கூட்டாளி போன் பண்ணினான். முற்றத்தில் கார் நின்றது. தாங்கியில் ஒரு துளி இல்லை. நான் காரைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் விட்டுவிட்டு, வரிசையோடு வரிசையாகக் கிடந்தேன். அவள் தெருவில் நின்றாள். வந்த ஒன்றிரண்டு பஸ்ஸும் கதவில் சனம் தொங்க, நிற்காமல் போயின. அடுத்த நாள் நெல்லு லொறிக்காரர் ஒருவர் இரங்கி ஏற்றிப் போனார். அவள் வாட்டுக்குள் வந்தபோது நீ கட்டிலில் நிமிர்ந்து இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாயாம். "ஏனம்மா வந்தனீங்கள்? எனக்கொண்டுமில்லை" என்றாயாம். அவள் இதை என்னிடம் சொன்னது இந்தக் கிழமைதான். தெருவில் நின்ற அந்த ஒரு பகலும் இரவும் எப்படியிருந்தது என்று அவள் இப்போதும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் கலனை எடுத்துக் கழுவியிருக்கிறாள், அவ்வளவுதான். முதலில் தனிப் பெற்றோல்தான் வைத்திருந்தாளாம். போன வருட வெய்யிலில் கலன் குறைந்ததைக் கண்டபிறகுதான் மண்ணெண்ணெய். கார் போனாலும் கலன் நிறைந்து நிற்கவேண்டும் என்றுதான் அன்றைக்குப் புல்லுவெட்டியைக் கேட்டிருக்கிறாள்.

நாங்கள் அத்தனை பேரும் பொனற்றைத் திறந்தோம் மகனே. ஒருவரும் கோழிக்கூட்டுப் பக்கம் போகவில்லை. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான்: நடுங்குகிற எதையும் கண்டால் எதை மாற்றலாம் என்று உடனே ஓடாதே. எப்போதிருந்து, எதற்குப் பிறகு என்று கேள். வீட்டில் இருப்பவரிடம் முதலில் கேள். தாடிக்காரனிடம் கடைசியாகக் கேள். நாளைக்கு உன் வீட்டில் ஒரு குழந்தை காரணம் சொல்லாமல் அழும். அப்போது இது உதவும். உதவாவிட்டால் ஓவசியரை அனுப்பி வைக்கிறேன், தடியோடு.

தாங்கியை வடித்தோம். வடித்ததை ஓவசியர் தன் வீட்டுக் கறையானுக்கு என்று வாங்கிப் போனார். கஞ்சத்தனத்தை விட்டுத் தாங்கி நிறைய அடித்தேன். மாங்குளம்வரை போய் வந்தோம். ஒரு இருமல் இல்லை. மஞ்சள் விளக்கும் அணைந்துவிட்டது. பரந்தனில் சிவம் கையைக் காட்டி மறித்து, "பாத்தியளே, நான் போட்ட கொயில் இப்பதான் பிடிச்சிருக்கு" என்றான். ஓவசியர், "பறுவம் கழிஞ்சுதெல்லே" என்றார். இருவருக்கும் ஓம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் பெயரைச் சந்தையில் இழுக்க எனக்கு விருப்பமில்லை. இந்தக் கடிதம் ஊர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்காதே, அவளே பின்னால் நின்று, "எழுதுங்கோ, பொய்யே?" என்கிறாள்.

ஆகவே கார் விற்பனைக்கு இல்லை. மருமகளுக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டதும், ஓமந்தை மாமிக்கு அடுத்த போன் இங்கே வரவேண்டும். வரவேண்டாம் என்று சொல்லுவதற்காக எடுக்காதே. அதை இவள் ஒருமுறை கேட்டுவிட்டாள்.

நேற்றுச் சந்தையில் பெற்றோலுக்கென்றே செய்த, இறுக்கமாக மூடும் ஒரு புதுக் கலன் வாங்கிக் கொடுத்தேன்; மண்ணெண்ணெய் கிட்டவும் வரக்கூடாது என்று சத்தியமும் வாங்கினேன். அவள் அதைத் தூக்கிப் பார்த்து, பழைய கலனின் அளவுதானா என்று கேட்டாள். ஓம் என்றேன். திருப்தியாகத் தலையாட்டினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இஞ்சை பார், உது வவுனியாக்குப் போகத்தான் காணும். திரும்பி வாறதுக்கு என்ன செய்யிறது?"

கோழிக்கூட்டுப் பக்கம் நடந்துகொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"அதை எங்கட தம்பி அடிச்சு விடுவான்தானே."

வவுனியாவில் எந்தப் பெற்றோல் செட்டில் சனம் குறைவு என்று இப்போதே பார்த்து வை.